என்ன அவசரம்?

“சீர்திருத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால், இத்துணை அவசரம் எதற்கு?”

சமுதாய நலச் சட்டம் ஒன்று மன்றத்தின் வாயிற்படியை மிதிக்கும்போதெல்லாம் எழும் குரல் இது. எதிர்க்கிறேன் என்றால் பிற்போக்குவாதி என்பார்கள். அவசரம் என்றால் பொறுப்பு மிக்கவர் என்பார்கள். ஆகவே, பழமையின் காவலர்கள் பெரும்பாலும் எதிர்ப்பதில்லை, பொறுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பொறுமைக்கு விலை கொடுப்பவர்கள் யார் என்பதை இந்து சட்டத் தொகுப்பு மசோதாவின் வரலாறு காட்டும்.

அம்மசோதா கேட்டது என்ன? ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறி. பொருந்தா மணத்தில் புழுங்குவோர்க்கு மணவிலக்கு. சாதி கடந்த திருமணத்துக்குச் சட்டத்தின் ஒப்புதல். தந்தையின் சொத்தில் மகளுக்குப் பங்கு. பெண் தன் சொத்தை விற்கவும் வழங்கவும் முழு உரிமை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குத் தந்ததோ, வாழ்நாள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். அவள் கண்ணை மூடியதும் சொத்து கணவனின் வாரிசுகளிடம் திரும்பிவிடும். உடைமைக்கு அவள் காவற்காரி, உரிமைக்காரி அல்லள்!

இந்த நிலையை மாற்ற முனைந்தது அவசரமா? 1941இல் பி. என். ராவ் தலைமையில் குழு அமைத்தார்கள். 1944இல் அதற்கு மீண்டும் உயிரூட்டினார்கள். குழு மாகாணங்களைச் சுற்றிவந்து, வைதீகர்களின் வாதத்தையும் சீர்திருத்தக்காரரின் கோரிக்கையையும் கேட்டது. 1947 ஏப்ரல் 11இல் மசோதா மன்றத்தில் அறிமுகமாயிற்று. பொறுக்குக் குழுவிடம் அதனை ஒப்படைக்க ஓராண்டு பிடித்தது. குழுவின் அறிக்கை 1948 ஆகஸ்டில் வந்தது. அதற்குப் பிறகே உண்மையான ஆமைநடை தொடங்கிற்று.

சட்ட அமைச்சராக அம்மசோதாவைத் தோளில் சுமந்த டாக்டர் அம்பேத்கர், பின்னாளில் தம் பதவி விலகல் அறிக்கையில் நாட்கணக்கை எடுத்துரைத்தார். 1949 பிப்ரவரியில் நான்கு நாள். மார்ச்சில் ஒரு நாள். ஏப்ரலில் இரண்டு நாள். டிசம்பரில் ஒரு நாள். 1950ஆம் ஆண்டு முழுவதிலும் ஒரு நாள்கூட இல்லை! 1951 பிப்ரவரியில் மூன்று நாள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் அவர் கணக்குப்படி மன்றம் ஒதுக்கியது பதினொரு நாள். இதற்குப் பெயர் அவசரமாம்!

மன்றத்துக்கு வெளியே சாமியார் கர்பாத்ரியும் சனாதனக் கூட்டத்தாரும் முழங்கினர். குடும்பம் குலையும், தர்மம் அழியும் என்று அஞ்சுவோரை மேலும் அச்சுறுத்தினர். ஆனால், பம்பாய் மாகாணம் 1946இலேயே இருதார மணத்தைத் தடைசெய்திருந்தது. சென்னை மாகாணமோ 1949இல் இருதாரத்தைத் தடுத்து, மணவிலக்குக்கும் வழி திறந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. அடுப்பு எரியாமல் நின்றுவிடவும் இல்லை.

1951 செப்டம்பரில், திருமணமும் மணவிலக்கும் பற்றிய பகுதியை மட்டுமாவது நிறைவேற்றலாம் என்று இறங்கி வந்தார்கள். அப்போது வேறொரு வாதம் முன்வந்தது: ‘இது தற்காலிக நாடாளுமன்றம், வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது அன்று, பொதுத் தேர்தல் முடியட்டும்.’ குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்தும் அம்மாதம் பிரதமர் நேருவுக்கு எழுதிய கடிதத்தில் இவ்வாறே வற்புறுத்தினார். மசோதாவுக்கு ஒப்புதல் தருவதில் தம் சொந்த முடிவைக் கையாளும் உரிமை தமக்குண்டு என்றும் குறிப்பிட்டார்.

வாதம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே தற்காலிக நாடாளுமன்றம், அதே 1951ஆம் ஆண்டில் செய்ததென்ன? நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்திற்று! மே 12இல் அறிமுகமான திருத்தம் ஜூன் 18இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆறு வாரம்கூட ஆகவில்லை. வகுப்புவாரி உரிமை ஆணையை உச்சநீதிமன்றம் வீழ்த்தியதும், பெரியார் தலைமையில் தமிழகம் கிளர்ந்தெழுந்ததும் அத்திருத்தத்துக்கு ஒரு காரணம். பிற்படுத்தப்பட்டோர்க்குச் சிறப்பு வழிவகை செய்ய அது இடம் தந்தது. அதை வரவேற்றோம், வரவேற்கவே வேண்டும். எனினும் அதே திருத்தம் பேச்சுரிமைக்குப் புதிய வேலிகளையும் போட்டது. அந்த வேலிகளைப் பற்றி இன்னும் ஆற அமரப் பேசியிருக்க வேண்டும் என்று கூறுவது தவறாகாது. தற்காலிக மன்றத்துக்கு அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் உண்டு என்று உச்சநீதிமன்றம் 1951 அக்டோபர் 5இல் தீர்ப்பளித்தது.

அரசியல் சட்டத்தைத் திருத்த அருகதையுள்ள மன்றத்துக்கு, அல்லற்படும் மனைவிக்கு மணவிலக்குத் தர அருகதை இல்லையாம்! நான்கு பிரிவுகள் நிறைவேறியதோடு மசோதா கைவிடப்பட்டது. அம்பேத்கர் செப்டம்பர் 27இல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அவர் காட்டிய காரணங்கள் பல. அம்மசோதாவுக்கு நேர்ந்த கதி அவற்றுள் இறுதியானது.

தேர்தல் முடிந்தது. திருமணச் சட்டம் 1955இலும், வாரிசுரிமை, காப்பாளர், தத்தெடுப்பு பற்றிய மூன்று சட்டங்கள் 1956இலும் வந்தன. ஒரே மசோதா நான்கு துண்டுகளாக உயிர்பெற்றது. எனினும், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன் பிறப்பால் பெறும் பங்கு மகளுக்குக் கிட்டவில்லை. ஆந்திரம் 1986இலும், தமிழ்நாடு கலைஞர் ஆட்சியில் 1989இலும் அக்குறையைப் போக்கின. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல்தான் வந்தது. 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானித்ததற்கும், தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள்!

1947இல் இருபது வயதான பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். 2005இல் அவள் உயிரோடிருந்தால் வயது எழுபத்தெட்டு. “பொறு” என்று மன்றத்தில் சொன்னவர்களுக்கு அது ஒரு சொல். அவளுக்கோ அது ஒரு வாழ்நாள்.

சட்டங்களை ஆராயவே கூடாது என்பதன்று நம் வாதம். ஆராயாமல் இயற்றிய சட்டம் ஏழையையே முதலில் அடிக்கும். காலம் கேட்பது உறுப்பினரின் உரிமை. ஆனால், கேட்ட காலத்தை என்ன செய்தார்கள் என்று கேட்பது மக்களின் உரிமை. பிரிவு பிரிவாக ஆராய்ந்தார்களா? திருத்தம் தந்தார்களா? அல்லது 1950ஆம் ஆண்டைப் போல, ஒரு நாளும் ஒதுக்காமல் உறங்கவிட்டார்களா?

இளைஞர்களே! இனி, “என்ன அவசரம்?” என்ற குரல் எழும்போது கோபப்படாதீர்கள். நாட்காட்டியைக் கையில் எடுங்கள். எத்தனை ஆண்டு காத்திருந்தோம், எத்தனை நாள் பேசினீர்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.