வண்ணாத்திப்பாறைக்கு அந்தப் பக்கம்

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வயலுக்குப் பாய்கிற தண்ணீர், 1895க்கு முன்னால் மேற்கே ஓடி, பழைய சேரத் துறைமுகமான முசிறியின் கடலில் விழுந்த தண்ணீர். பொறியாளர் பென்னிகுவிக் அணை கட்டி, மலையைக் குடைந்து, பெரியாற்றை இந்தப் பக்கம் திருப்பினார். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அதனால்தான். சின்ன வயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பத்தா சொல்லும் கதையில் பெரியாறு வராது, கண்ணகிதான் வருவாள்.

சித்ரா பௌர்ணமிக்கு அப்பத்தா என்னை வண்ணாத்திப்பாறைக்குக் கூட்டிப் போகும். பளியன்குடியிலிருந்து ஆறரை கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். புல்மேட்டில் சரிந்து கிடக்கும் கற்களுக்கு நடுவே மங்கலதேவி கோயில். மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு, “மதுரையை எரிச்சுப்புட்டு வைகைக் கரையோட நடந்து இங்கதான்டா வந்து நின்னா. பெறகு அந்தப் பக்கம் எறங்கிக் கொடுங்கல்லூருக்குப் போயிட்டா” என்று மேற்கே கையை நீட்டும். 1963இல் ஆய்வாளர் சி. கோவிந்தராசனார் சிலப்பதிகாரம் சொல்லும் வழியைத் தேடி வந்து, சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எழுப்பிய கோட்டம் இதுதான் என்று அறிவித்தார். அதற்கு முன்பே எங்கள் ஊர்க் கிழவிகள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அப்பத்தா கை காட்டிய திசையில் நான் இறங்கியது அறுபது வயதுக்கு மேல். குமுளியில் பஸ் ஏறி, கோட்டயம், எர்ணாகுளம், வடக்குப் பறவூர் என்று மாறி மாறிப் போனேன். பறவூர் பக்கத்தில் பட்டணம் என்றொரு கிராமம். வாழையும் தென்னையும் நிற்கிற வீட்டுக் கொல்லைகள். 2007இல் அங்கே அகழத் தொடங்கியபோது ரோமானிய மது ஜாடிகளின் ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், அதையொட்டிச் சேற்றுக்குள் ஆறு மீட்டர் நீள ஒற்றை மரத் தோணியும் வெளிப்பட்டன. முசிறி இதுதானா என்பதில் அறிஞர்கள் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. அந்த மண்ணில் நின்ற எனக்குச் சந்தேகம் வரவில்லை.

யவனர் மரக்கலங்கள் பெரியாற்றில் தங்கத்தோடு நுழைந்து மிளகை ஏற்றிப் போனதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றில் பாடியிருக்கிறார். செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகத்தில், ஒரு கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்த மிளகைக் கொடியிலிருந்து பறித்தவர் யார், மூட்டை கட்டி மலையிலிருந்து இறக்கியவர் யார்? பொன் கொண்டுவந்த யவனனுக்குப் பாட்டில் இடமிருக்கிறது. இன்றைக்கும் விடியுமுன்னே எங்கள் பக்கத்துப் பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கும் மிளகுக்கொடிக்கும் போகிறார்கள். முசிறியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த ஜீப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம். முகத்துவாரத்தை மணல் மூடியது. தெற்கே கொச்சியில் புதிய வாய் திறந்தது. கப்பல்கள் அங்கே போய்விட்டன, தெய்வங்கள் கொடுங்கல்லூரிலேயே தங்கிவிட்டன. திருவஞ்சைக்களம் சுந்தரர் பாடிய தலம், மலைநாட்டின் ஒரே தேவாரத் தலம். சேரமான் ஜும்மா மசூதியை 629இல் கட்டியதாக ஐதீகம். அங்கே அணையாமல் எரியும் விளக்குக்கு எல்லா மதத்தாரும் எண்ணெய் தருகிறார்கள். இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52இல் கரையிறங்கியதாகச் சொல்லும் அழிக்கோடு படகுத்துறையில் நின்றால், பெரியாறு கடலில் கலப்பது தெரிகிறது. எங்கள் வயலுக்கு வந்தது போக மிச்சத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாகக் கொடுங்கல்லூர்ப் பகவதி கோயில். அவள்தான் கண்ணகி என்று அந்த ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள். வசூரிமாலைச் சந்நிதியில் மஞ்சளும் மிளகும் காணிக்கை. பையில் அரைப்படி மிளகு கொண்டுபோயிருந்தேன், கம்பம்மெட்டுக்கு மேலே விளைந்தது. அப்பத்தா பேரைச் சொல்லி அங்கே கொட்டினேன்.