பெங்களூரின் பறக்காத ஈக்கள்

சென்ற வாரம் ஒபைத் சித்திக்கியைப் பார்த்தோம். ஹோமி பாபா அழைத்து 1962-இல் பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தவர். சூடு ஏறினால் விழுந்துவிட்டு, ஆறியதும் எழுந்து நடக்கும் பழ ஈக்களை ஆராய்ந்தவர். அவர் முன்நின்று பெங்களூரில் எழுப்பிய தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில்தான் (என்.சி.பி.எஸ்.) இந்த வாரக் கதை.

பழ ஈ நமக்குப் புதிதல்ல. மயிலாப்பூர் மாட வீதியில் கனிந்த பூவன் சீப்பை மொய்க்குமே, அதே பொடி ஈதான்.

அது பறக்காமல் போன கதைக்கு முன், செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். செல்லுக்கு வெளியிலிருந்து சேதி வந்தால், உள்ளே ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உண்டாகும். செல்லுக்குள் சேர்த்துவைத்த கால்சியத்தின் கதவை அது திறந்துவிடும். 1983-இல் இது நிரூபணமானது. கேம்பிரிட்ஜின் மைக்கேல் பெர்ரிட்ஜ் இந்தத் தடத்தைப் பிடித்ததும் ஒரு ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில்தான். பழ ஈயில் அந்தக் கதவுக்கான மரபணுவை 1992-இல் இந்தக் கதையின் நாயகியான விஞ்ஞானி கெய்தி ஹசனும் அமெரிக்காவின் மைக்கேல் ராஸ்பாஷும் அடையாளம் காட்டினார்கள்.

அந்த மரபணு அடியோடு கெட்டால் ஈ புழுப் பருவத்திலேயே செத்துவிடும். அரைகுறையாகக் கெட்டவை வளர்ந்துவிடும், ஆனால் பறக்காது. பெங்களூரில் ஹசன் குழுவினர் ஈயைப் பனிக்கட்டியில் மயக்கி, தலைக்கும் மார்புக்கும் இடையே நகப்பூச்சு வைத்து மெல்லிய கம்பியில் ஒட்டினார்கள். மயக்கம் தெளிந்ததும் மெதுவாக ஒரு ஊதல். நல்ல ஈ தொங்கியபடியே படபடவென்று இறக்கை அடிக்கும். இவை சும்மா தொங்கின.

குறை தசையில் என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை. சில நரம்புச் செல்களில் மட்டும் நல்ல மரபணுவைச் சேர்த்ததும் ஈக்கள் பறந்தன. 2004-இல் இது வெளியானது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது 2009-இல் வந்த முடிவு. பழுதான கதவை அப்படியே விட்டுவிட்டு, வெளியிலிருந்து கால்சியத்தை உள்ளே விடும் ஸ்டிம், ஒராய் என்ற வேறு இரண்டு புரதங்களை நரம்புச் செல்களில் கூட்டிப் பார்த்தார்கள். ஈக்கள் மறுபடி பறந்தன! ஒரு மரபணுவின் குறையை இன்னொன்று ஈடுகட்ட முடியும் என்பதை உயிருள்ள ஈயே காட்டிவிட்டது.

நம் உடலிலும் அதே கதவு உண்டு. அதன் மரபணு ஒன்று சிதைந்தால் நடை தள்ளாடும் பரம்பரை நோய் வரும் என்பது 2007-இல் தெரியவந்தது.

அடுத்த வாரம்: வாசனை தெரியாத ஈக்களைத் தேடிய வெரோனிகா ரோட்ரிக்ஸ்.