கண்ணீர் இல்லாத படங்கள்

தாது வருஷப் பஞ்சத்தின் படங்களை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. நான் பார்த்தவற்றில் யாருமே அழவில்லை. விலா எலும்பை எண்ணிவிடலாம். மடியில் குழந்தை தலை துவண்டு கிடக்கிறது. ஆனால் கன்னத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எல்லாரும் நேராக நம்மைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் சுற்றியிருந்த பகுதிகளையும் சூறையாடிய பஞ்சம் அது. செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அதைப் புகைப்படம் எடுத்தவர்களில் அதிகம் அறியப்பட்டவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னைக் குதிரைப்படை அதிகாரி. பட்டினி கிடந்தவர்களைக் குழுவாக உட்காரவைத்து, நிற்கவைத்து எடுத்தார். அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். குலுங்கிக் குலுங்கி அழுகிற முகம் அதில் வெறும் கலங்கலாகத்தான் விழும்.

ஆனால் கேமராவை மட்டும் காரணம் சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தையை மருத்துவர் சோதிக்கும்போது, "அழும்போது கண்ணீர் வருதா?" என்று கேட்பார். வராவிட்டால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். "அழக்கூடத் தெம்பில்ல" என்று நம் வீடுகளில் சும்மா சொல்வதாக நினைத்திருந்தேன். அது அப்பட்டமான உடற்கூற்று உண்மை. அழுவதற்கும் கொஞ்சம் சோறும் தண்ணீரும் வேண்டியிருக்கிறது.

1877இல் செய்தித்தாளில் புகைப்படத்தை அப்படியே அச்சடிக்க வழியில்லை. லண்டனில் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்', 'கிராஃபிக்' போன்ற வார இதழ்கள் புகைப்படத்தையோ கோட்டோவியத்தையோ பார்த்துப் பாக்ஸ்வுட் என்ற கெட்டியான மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டன. பெரிய படம் என்றால் சிறு கட்டைகளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். ஒருவர் வானம், ஒருவர் துணிமடிப்பு. முடிந்ததும் கட்டைகளைச் சேர்த்து முடுக்கி, ஒட்டு தெரியாமல் ஒருவர் சரிசெய்வார். எங்கள் ஆபீஸில் ஒரு பெரிய வேலையைப் பத்துப் பேருக்குப் பிரித்துக்கொடுத்துக் கடைசியில் இணைப்பது போலத்தான். செதுக்கிய இடம் வெள்ளை, செதுக்காமல் விட்ட இடம் கறுப்பு. கண்ணீர் வேண்டுமென்றால் கன்னத்தில் ஒரு கீறல் போதும். 1877 அக்டோபர் 20ஆம் தேதி இதழில் வந்த, பெங்களூரில் நிவாரணத்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் படத்தில் எலும்பும் தோலுமான உடல்கள்தான் பேசுகின்றன. அழ வேண்டியவர் படத்தைப் பார்க்கிறவர்.

பார்த்தவர்கள் அழுதார்கள், பணமும் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் லண்டன் மேயருக்கு விடுத்த வேண்டுகோளை ஒட்டி மேன்ஷன் ஹவுஸ் நிதி தொடங்கியது. 6 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதில் எத்தனையோ பேர் கஞ்சி குடித்திருப்பார்கள். கப்பலில் வந்த தானியம் சென்னைக் கடற்கரையில் மலையாகக் குவிந்தது, அங்கிருந்து ரயிலில் உள்மாவட்டங்களுக்குப் போனது. ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் 1856இல் போட்ட பாதை அது. வேப்பம்பட்டிலிருந்து நான் தினமும் மின்சார ரயிலில் போகும் அதே தடம்.

அதே ஹூப்பர் 1886இல் மாண்டலேயில் இருந்தார். கைதிகளைச் சுட்டுக் கொல்லும்போது குண்டு பாயும் கணத்தைப் படம்பிடிக்க முயன்றார் என்று பெரிய சர்ச்சையாகி விசாரணையும் நடந்தது. ஒரே மனிதர், ஒரே கருவி. முதல் படங்கள் இரக்கத்தைக் கொண்டுவந்தன, இரண்டாவது அருவருப்பை. கேமராவுக்குப் பின்னால் நிற்கும் மனசு படத்தில் பதிவதில்லை.

நம் ஊர் அச்சகங்கள் பஞ்சத்தை எப்படிக் காட்டின? 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்தவள், அண்ணி மூளி அலங்காரியிடம் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். இந்த மாதிரி மலிவுப் பதிப்புகளின் படங்கள் தடித்த கோடுகள்தான், முகத்தில் உணர்ச்சி தேடினால் கிடைக்காது. சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் ஒரே படக்கட்டை பல கதைகளுக்கு உழைத்தது. அந்தக் காலத்து டெம்ப்ளேட். யாருக்கும் அது குறையாகப் படவில்லை, ஏனென்றால் அழுகை படத்தில் இல்லை, பாட்டில் இருந்தது. எழுத்து தெரிந்த ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார், திண்ணையில் உட்கார்ந்தவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இந்த மரபு செத்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? வேப்பம்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் நடந்து பாருங்கள். கண்ணீர் அஞ்சலி பேனரில் இறந்தவர் வெள்ளைச் சட்டையில் சிரிக்கிறார். மூலையில் ஒரு கண், அதிலிருந்து ஒரு சொட்டு. அந்தக் கண் யாருடையதும் இல்லை, ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது. நேற்று இன்னொருவருக்கு அழுதது, நாளை வேறொருவருக்கு அழும். நாம் மீம் போட்டுச் சிரிக்கிறோம். ஆனால் அது அழுகிறவர் முகத்தை யாருக்கும் காட்டிக்கொடுப்பதில்லை. ஒருவர் போய்விட்டார், வந்து அழுங்கள் என்று கூப்பிடுகிறது, அவ்வளவுதான்.

இரண்டு விதமான அச்சு இவை. ஒன்று, தூரத்தில் இருப்பவனுக்குத் துயரத்தைக் காட்டுவது. மற்றது, பக்கத்தில் இருப்பவனை அழக் கூப்பிடுவது. எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வது சுலபமில்லை. திண்ணையில் அழுதவர்களின் கண்ணீரால் மட்டும் ஒரு வயிறும் நிறையவில்லை. லண்டன் படம் கப்பலேறிப் போய்ப் பணத்தோடு திரும்பியது. ஆனால் அந்தப் படத்தில் இருக்கும் ஒருவருக்காவது பெயர் உண்டா? நான் தேடியவரை ஒரு படக்குறிப்பிலும் இல்லை. நல்லதங்காளுக்குப் பெயர் இருக்கிறது, அர்ச்சுனாபுரத்தில் கோயிலும் இருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மணலில் குப்புற விழுந்து, கைகளை விரித்துக் கதறும் பெண்ணை ஆர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் உலகச் சிறந்த செய்திப்படமானது. பக்கத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரியும். இங்கே அழுகை இருக்கிறது, உலகமே பார்த்தது. அந்தக் கணத்தில் அவருக்கு வேண்டியிருந்தது உலகமா, தோளைத் தொடும் ஒரு கையா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இப்போது சாவு வீட்டில் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. தூரத்து ஊரில் இருக்கும் மகனுக்கு வீடியோ காலில் காட்டத்தான் வேண்டும், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பாரிக்கு ஒரு முறை உண்டு. வருகிற பெண் உட்கார்ந்திருப்பவளின் தோளில் கைபோட்டு, தலையோடு தலை சாய்த்துத்தான் அழ ஆரம்பிப்பாள். அதற்கு இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.