தாகம் தீராத வண்டிகள்: ஆஸ்திரேலிய 'யூட்'டின் எரிபொருள் வரலாறு



எரிபொருள் விலை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், பெரிய வண்டி வைத்திருப்போர் புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். அதிகம் குடிக்கும் வண்டியைக் கொஞ்சமாகக் குடிக்கப் பழக்குவது எப்படி என்னும் கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. அக்கேள்வியோடு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாகப் போராடி வரும் நாடு ஆஸ்திரேலியா. நாம் 'பிக்கப்' என்று சொல்லும் வண்டிக்கு அங்கு 'யூட்' என்று பெயர். 'யுட்டிலிட்டி' என்னும் சொல்லின் குறுக்கமே அது. அவ்வண்டியின் வரலாற்றில் போர், தேர்தல், வரி, வேதியியல், ஏமாற்று என எல்லாமே கலந்திருக்கின்றன. வகுப்பறையில் எடுத்துச் சொல்லத்தக்க செய்திகள் இவை என்பதால் இங்கு எழுதுகிறேன்.

யூட்டின் பிறப்புக் கதை அந்நாட்டில் பலரும் அறிந்தது. 1932ஆம் ஆண்டில் விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்துப் பகுதியைச் சேர்ந்த ஓர் உழவரின் மனைவி, ஃபோர்ட் நிறுவனத்திற்கு ஒரு மடல் வரைந்தார். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்திற்குச் செல்லவும், மறுநாள் பன்றிகளை ஏற்றிச் சந்தைக்குப் போகவும் உதவக்கூடிய ஒரே வண்டி வேண்டும் என்பது அவர் கேட்டது. இரண்டு வண்டி வாங்க வசதியில்லாத பொருளாதார மந்தக் காலம் அது. ஜீலாங் நகரத் தொழிற்சாலையில் பணியாற்றிய லூயிஸ் பாண்ட் என்னும் இளம் வடிவமைப்பாளர், மகிழுந்தின் முன்பகுதியையும் சுமையேற்றும் பின்தளத்தையும் ஒரே உடலாக இணைத்து வரைந்தார். 1934இல் அது விற்பனைக்கு வந்தது. பொறியோ எட்டுக் கலன்கள் கொண்ட 3.6 லிட்டர் 'வி8'. அக்காலத்தில் பெட்ரோல் கிடைப்பதில் தட்டுப்பாடு இல்லை. ஆகவே, வண்டி எவ்வளவு குடிக்கிறது என்பது பெரிய கேள்வியாக எழவில்லை.

அக்கேள்வியை எழுப்பியது போர்.

ஆஸ்திரேலியா அன்று தனக்கு வேண்டிய எண்ணெயை ஏறத்தாழ முழுவதுமாகக் கப்பலில் இறக்குமதி செய்த நாடு. கடல்வழி ஆபத்தாகவே, 1940 அக்டோபர் முதல் நாளில் பெட்ரோல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. சீட்டு இருந்தால்தான் எண்ணெய். மருத்துவர், உழவர் போன்றோருக்குக் கூடுதலாகவும், பொழுதுபோக்கிற்கு வண்டி ஓட்டுவோருக்கு மிகக் குறைவாகவும் பங்கு கிடைத்தது. ஜப்பான் போரில் இறங்கிய பின்னர் நிலைமை மேலும் இறுகியது. பண்ணைக்கும் இரயில் நிலையத்திற்கும் இடையே நாற்பது ஐம்பது மைல் தொலைவுள்ள நாட்டில், இது வெறும் வசதிக் குறைவு மட்டுமன்று. பாலும் கம்பளியும் சந்தைக்குப் போகுமா போகாதா என்னும் வாழ்வுச் சிக்கல்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் கரிவாயு. பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் அக்காலத்தில் ஓடிய 'கரி பஸ்' பற்றிச் சிலருக்குக் கேள்வி ஞானமாவது இருக்கும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்து மலாயாவிலும் கரியில் வண்டிகள் ஓடியதுண்டு. ஆஸ்திரேலியாவில் மகிழுந்துகளின் பின்புறத்திலோ, இழுவை வண்டியிலோ, யூட்டின் பின்தளத்திலோ ஓர் எஃகு உருளையைப் பொருத்தினார்கள். அதனுள் மரக்கரி நிரப்பி, அளவான காற்றை மட்டும் உள்ளே விட்டு எரித்தார்கள். முதலில் கரிமம் எரிந்து கரியமில வாயு உண்டாகும். அது தணலாய்க் கனலும் கரியின் ஊடே செல்லும்போது மேலும் கரிமத்தோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறும். இந்த வாயு எரியக்கூடியது. இதைக் குளிரவைத்து, தூசியும் சாம்பலும் போக வடிகட்டி, பொறிக்குள் செலுத்தினால் வண்டி ஓடும். ஆறாம் ஆண்டு அறிவியல் படிக்கும் மாணவனும் புரிந்துகொள்ளும் வேதியியல்தான்.

ஆனால், புரிந்துகொள்வது எளிது, ஓட்டுவது கடினம். காற்றில் பெரும்பகுதி நைட்ரசன் என்பதால், உண்டாகும் வாயுவிலும் பாதிக்கு மேல் எரியாத நைட்ரசனே நிறைந்திருந்தது. பொறியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. மேட்டில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கும். காலையில் கிளம்ப வேண்டுமானால் முன்கூட்டியே தீ மூட்டிக் காத்திருக்க வேண்டும். நாள்தோறும் வடிகட்டியைத் துலக்க வேண்டும். சட்டையெல்லாம் கரி! போதாக்குறைக்குக் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. மூடிய கொட்டகைக்குள் பொறியை மூட்டுவது உயிருக்கே ஆபத்து. காய்ந்த புல்வெளிகளில் தீப்பொறி விழுந்தால் காட்டுத்தீ மூளும் என்னும் அச்சமும் இருந்தது. இத்தனைக்கும் நடுவே உழவர்கள் ஓட்டினார்கள். வேறு வழியில்லை.

இவ்விடத்தில் ஒரு சூளையைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மெல்பர்ன் நகருக்குக் கிழக்கே ஜெம்ப்ரூக் காட்டில் 'கர்த் சூளை' என்று ஒன்று உள்ளது. தாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் கர்த் என்பவரின் வடிவமைப்பில், விக்டோரியா மாநிலக் காட்டுத்துறை அதைக் கட்டிற்று. மரத்தை மேலே இட்டுக் கொண்டே இருக்கலாம். கரியைக் கீழே எடுத்துக் கொண்டே இருக்கலாம். நின்று நின்று எரிக்கும் பழைய சூளைகளைவிட இது மேலானது. 1942இல் இயங்கத் தொடங்கியது. ஆயின், காட்டிலிருந்து கரியை நகரத்திற்குக் கொண்டுவரும் சிக்கலும், பிற சூளைகளிலிருந்து கரி மிகுதியாக வந்து குவிந்த நிலையும் சேர்ந்து, அதன் வேலை ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே ஓய்ந்துவிட்டது. கரியைக் கொண்டுவர வண்டி வேண்டும், வண்டியோட்டக் கரி வேண்டும் என்றால் என்ன செய்வது? சூளை இன்றும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம்.

போர் 1945இல் முடிந்தது. பெட்ரோல் பங்கீடு முடியவில்லை. வரலாற்று நூல்களில் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி இது. பெட்ரோலை வாங்க டாலர் வேண்டும். பிரிட்டனின் ஸ்டெர்லிங் நாணய வட்டத்திற்குள் இருந்த நாடுகளுக்கு டாலர் பற்றாக்குறை. ஆகவே, பிரதமர் சிஃப்லி பங்கீட்டைத் தொடர விரும்பினார். 1949 ஜூனில் உயர்நீதிமன்றம், போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு அமைதிக் காலத்தில் பங்கீடு நடத்துவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. பங்கீடு நின்றது, தட்டுப்பாடு வந்தது, நவம்பரில் மாநிலங்களின் ஒத்துழைப்போடு பங்கீடு மீண்டும் வந்தது. அடுத்த மாதமே பொதுத் தேர்தல்! பங்கீட்டை ஒழிப்பேன் என்று வாக்களித்த மென்சிஸ் வென்றார். 1950 பிப்ரவரியில் ஒழித்தும் காட்டினார். ஓர் ஆட்சி கவிழ்ந்ததற்குப் பெட்ரோல் மட்டுமே காரணம் என்று கூறுவது மிகை. ஆயினும், சமையலறையிலும் கொட்டகையிலும் மக்கள் அன்றாடம் உணர்ந்த எரிச்சல் அதுதான் என்பது என் கருத்து.

1948இல் சிஃப்லியே அறிமுகப்படுத்திய ஹோல்டன் மகிழுந்து, ஆறு கலன்களும் ஏறத்தாழ 2.2 லிட்டரும் கொண்ட சிறிய பொறியுடன் வந்தது. அதன் யூட் வடிவம் 1951இல் வெளிவந்தது. பங்கீடு கற்பித்த சிக்கனம் அதில் தெரிந்தது. அச்சிக்கனம் நெடுநாள் நிலைக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்திற்குள் 4.1, 5.0, 5.8 லிட்டர் என்று பொறிகள் பருத்துவிட்டன.

நான்கு சக்கர இயக்க வண்டிகளின் கதை தனி. ஐம்பதுகளின் பிற்பகுதியில், ஸ்னோயி மலை நீர்மின் திட்டப் பணிகளுக்காக லெஸ்லி தீஸ் என்னும் ஒப்பந்தக்காரர் டொயோட்டா லேண்ட் குரூஸர் வண்டிகளை ஜப்பானிலிருந்து வருவித்தார். சேற்றில் சிக்காத வண்டி. ஆனால் பெட்ரோலை நீராகக் குடிக்கும் வண்டி. கனத்த சட்டகம், காற்றைச் செங்குத்தாக எதிர்க்கும் முகப்பு, கூடுதல் அச்சு, கூடுதல் பற்சக்கரங்கள், தடித்த சக்கரங்கள். எல்லாமே எரிபொருளைத் தின்பவை. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும் பெட்டி வடிவ வண்டியை 90க்குக் குறைத்தாலே காற்றின் தடை மூன்றில் ஒரு பங்கு குறையும். கூரைமேல் இருக்கும் வெற்றுச் சட்டத்தைக் கழற்றுவதும், சக்கரக் காற்றைச் சரியாக வைப்பதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. செலவில்லாத வழிகள். ஆகவேதானோ என்னவோ, யாரும் மதிப்பதில்லை!

இங்கு ஒரு கணக்கு. ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து காட்டலாம். காலனுக்கு 14 மைல் ஓடும் வண்டியை 18 மைல் ஓடச் செய்கிறோம். இன்னொருவர் 35 மைல் ஓடும் சிற்றுந்தை 45 மைல் ஓடச் செய்கிறார். யார் அதிகம் மிச்சப்படுத்தினார்? 'பத்து மைல் கூட்டியவர்' என்றே மாணவர்கள் சொல்வார்கள், பெரியவர்களும் அப்படித்தான். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், முதலாமவர் மிச்சம் பிடிப்பது சுமார் 670 லிட்டர். இரண்டாமவர் சுமார் 270 லிட்டர்தான். அதிகம் குடிக்கும் வண்டியில் செய்யும் சிறு திருத்தத்திற்கே பெரும்பயன் உண்டு. '100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்' என்று அளந்தால் இந்தக் குழப்பமே எழாது.

நிற்க. 1973இன் எண்ணெய் நெருக்கடி அமெரிக்காவை உலுக்கிய அளவிற்கு ஆஸ்திரேலியாவை உலுக்கவில்லை. அறுபதுகளில் பாஸ் நீரிணையில் கண்டெடுத்த எண்ணெய் கைகொடுத்தது. 1978இல் ஃபிரேசர் அரசு உள்நாட்டு எண்ணெய்க்கும் உலகச் சந்தை விலையையே வைத்தபோதுதான் யூட் வைத்திருந்தோர் விழித்தெழுந்தனர். சிலர் டீசலுக்கு மாறினர். வேறு சிலர் சமையல் எரிவாயுவின் உறவான எல்.பி.ஜி.க்கு மாறினர். ஒரு லிட்டர் எல்.பி.ஜி.யில் பெட்ரோலின் ஆற்றலில் முக்கால் பங்கே உண்டு. ஆகவே லிட்டர் கணக்கில் வண்டி இன்னும் அதிகமாகக் குடிக்கும். ஆனால் அதற்கு 2011 வரை எரிபொருள் தீர்வை இல்லாததால் விலை மிகக் குறைவு. 2006 முதல் வண்டியை மாற்றிக்கொள்வோருக்கு அரசு 2000 டாலர் வரை மானியமும் அளித்தது. எரிபொருள் குறையவில்லை, செலவு குறைந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மாய மருந்து விற்போரும் இக்கதையில் உண்டு. பீட்டர் புரோக் என்பவர் பாதர்ஸ்ட் பந்தயத்தை ஒன்பது முறை வென்ற வீரர். ஹோல்டன் வண்டிகளைச் செம்மைப்படுத்தி விற்றவர். எண்பதுகளின் நடுவில் 'எனர்ஜி போலரைசர்' என்னும் சிறு பெட்டியைத் தம் வண்டிகளில் பொருத்தினார். உள்ளே இருந்தவை காந்தமும் படிகங்களும். அது வண்டியின் மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்தி ஓட்டத்தை மேம்படுத்தும் என்பது கூற்று. ஹோல்டன் அதை ஏற்கவில்லை. 1987 பிப்ரவரியில் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. புரோக் ஏமாற்றுக்காரர் அல்லர். உண்மையிலேயே நம்பினார் என்றே தோன்றுகிறது. நம்பிக்கையும் சான்றும் வெவ்வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அவரையே பின்தள்ளும் வகையில் வந்தது 'ஃபயர்பவர்' நிறுவனம். எரிபொருளை மிச்சப்படுத்தும் மாத்திரை என்று விளம்பரம் செய்து, விளையாட்டு அணிகளுக்குப் பணம் கொடுத்துப் பெயர் வாங்கி, 2008இல் சரிந்தது. பங்கு வாங்கியவர்களின் பணம் போயிற்று. இத்தகைய கருவிகளை அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எழுபதுகளிலிருந்தே நூற்றளவில் சோதித்துள்ளது. மிகச் சிலவே சிறிதளவு பயன் தந்தன. கருவி வாங்கியவர் அதன்பின் மென்மையாக ஓட்டுகிறார், மிச்சம் தெரிகிறது, புகழ் கருவிக்குப் போகிறது!

உண்மையான முன்னேற்றத்தைத் தந்தவை ஆரவாரமில்லாதவை. 1986இல் புதிய மகிழுந்துகளுக்கு ஈயமற்ற பெட்ரோல் கட்டாயமானது. அதை ஒட்டிய ஆண்டுகளில் பழைய கார்புரேட்டர் மறைந்து, மின்னணு முறையில் எரிபொருளைத் தெளிக்கும் அமைப்பு பரவியது. புகைக்குழாயில் உள்ள உணரி உயிர்வளியை அளந்து சொல்ல, பொறி அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறது. பெட்டிக்குள் படிகம் செய்யாததை இது செய்தது.

ஆனால், தொழில்நுட்பம் மிச்சப்படுத்தியதை எடை தின்றுவிட்டது. அதற்கு வரியும் துணைபோயிற்று. 2000ஆம் ஆண்டில் சாதாரண மகிழுந்துக்கு 15 விழுக்காடு இறக்குமதித் தீர்வை. நான்கு சக்கர இயக்க வண்டிக்கோ 5 விழுக்காடு மட்டுமே. உழவருக்காக வைத்த சலுகையில் நகரத்தார் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றனர். பெற்றோரைக் குறை கூற இதை எழுதவில்லை. மலிவாகக் கிடைப்பதை வாங்குவது இயல்பு. குறை, சலுகையை அவ்வாறு வகுத்தவர்களிடம்தான்.

2016இல் ஃபோர்டும், 2017இல் ஹோல்டனும் ஆஸ்திரேலியாவில் வண்டி செய்வதை நிறுத்தின. இன்று விற்கும் யூட்டுகளில் மிகப் பல தாய்லாந்திலிருந்து வருபவை, பெரும்பாலும் டீசல். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்நாட்டில் மிக அதிகமாக விற்ற வண்டி ஃபோர்ட் ரேஞ்சர் என்னும் யூட்டே.

அமெரிக்கா 1975இலேயே எரிபொருள் சிக்கனச் சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலியா 2024இல்தான் இயற்றியது. 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நிறுவனம் விற்கும் புதிய வண்டிகளின் சராசரி உமிழ்வுக்கு இச்சட்டம் வரம்பு வைக்கிறது. மகிழுந்துகளுக்கு 2025இல் கிலோமீட்டருக்கு 141 கிராம். 2029இல் 58 கிராம். யூட்டுகளுக்கு 210 கிராமில் தொடங்கி 110 கிராம். 210 கிராம் என்பது பெட்ரோல் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 லிட்டர். முதல் வரைவில் லேண்ட் குரூஸர், நிசான் பேட்ரோல் போன்ற பெரிய வண்டிகள் மகிழுந்துகளின் வரிசையில் இருந்தன. நிறுவனங்களும் வாகன அமைப்புகளும் எதிர்த்தன. இறுதிச் சட்டத்தில், கனத்த சட்டகமும் மூன்று டன் இழுக்கும் வலிமையும் உடைய அவ்வண்டிகள், யூட்டின் தளர்ந்த வரம்பிற்கே மாற்றப்பட்டன.