படிக்கு எத்தனை கிலோ: கல்வராயன்மலை வட்டார அளவைகள்

தானியத்தை முகந்தும், புளி, மிளகாய், வெல்லத்தை நிறுத்தும் வாங்கியது தமிழ்நாட்டு வழக்கம். ஒன்றை மற்றதாக மாற்றும் கணக்குக்கு நெடிய வரலாறு உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கரியாலூர், வெள்ளிமலை சுற்றுப்புறத்தில் விளையும் சாமை, தினை, கேழ்வரகையும் காட்டுத் தேனையும் எடுத்துக்கொண்டால், பொருளுக்குப் பொருள் அந்தக் கணக்கு மாறுவது தெரியும்.

பழைய வாய்பாடு நெல்மணியில் தொடங்குகிறது. 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி, அதாவது படி. 8 நாழி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஆக நாழிக்கு 14,400 நெல். குண்டு நெல்லா, சன்ன ரகமா என்று வாய்பாடு சொல்வதில்லை. ஊருக்கு ஊர் படி வேறுபட்டதில் வியப்பில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்த மரக்காலுக்கும் பொன் நிறுத்த கல்லுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயர். சோழர் கல்வெட்டுகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதமும் வருகிறது. அதுவும் முகத்தல் கணக்குதான்.

முகத்தலை எடையோடு சேர்த்துக் கட்டியது ஆங்கிலேயர் காலம். தலைதட்டி அளந்த பட்டணம் படி (சென்னைப் படி) அரிசி 120 தோலா என்று கொண்டார்கள். 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை என்பதால், ஒரு படி அரிசி சரியாக ஒரு வீசை, அதாவது ஏறத்தாழ 1.4 கிலோ. கோபுரமாகக் குவித்து அளந்தால் 132 தோலா. இடைப்பட்ட 12 தோலா யாருக்குப் போகிறது என்பதை அளக்கிற கைதான் தீர்மானித்தது. களத்தில் முதல் படியை ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார்கள். லாபம் யாருக்கு என்று குடியானவர் கேட்டிருக்கலாம்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1958 முதல் கிலோ படிப்படியாக வந்தது. ஆனாலும் 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்றுதான் வாக்களித்தது. கிலோ அப்போதும் நாவில் ஏறியிருக்கவில்லை. ஜாகீர்தார்கள் வசம் இருந்த கல்வராயன்மலையோ 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது.

ஒரு லிட்டர் பாத்திரத்தில் அரிசி சுமார் 800 கிராம் கொள்ளும். கேழ்வரகு மாவு அதைவிட மிகக் குறைவு, தட்டி அமுக்கினால் கூடும். தேனோ 1.4 கிலோ வரை நிற்கும். அதனால் 750 மில்லி பாட்டில் நிறையத் தேன் ஏறக்குறைய ஒரு கிலோ. பாட்டில் கணக்கில் விற்பவர் அதை முக்கால் கிலோ என்று எண்ணி விலை சொன்னால் கால் கிலோத் தேனை இனாமாகக் கொடுக்கிறார்.

சமையலறையில் உழக்கும் டம்ளரும் இன்னும் ஓயவில்லை. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தபோது வீடுகளில் புழங்கியவை ஆழாக்கும் பலமுமே. இன்று சாமை அரிசிப் பொட்டலத்தில் கிராம் அச்சிட்டிருந்தாலும், உலை வைக்கிறவர் ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்றுதான் ஊற்றுகிறார். அரிசியும் தண்ணீரும் ஒரே டம்ளரால் அளக்கப்படுவதால் அங்கே தராசுக்கு வேலை இல்லை.