எரிச்சல் யாருடையது? பிரித்தானிய வாகனப் பறிமுதல் சட்டம் வந்த வழி

1893-இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டி, தலைப்பாகை கட்டி, புலையர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதை ஓட்டிப் போனார். ஆதிக்க சாதியினர் வழிமறித்தார்கள். வண்டி யார் மீதும் மோதவில்லை. அது சாலையில் போனதே அவர்களுக்கு எரிச்சல்.

அந்த 'எரிச்சல்' ஒரு சட்டத்தின் வாசகமாகவே இருப்பதைப் படித்தபோது நமக்கு அய்யன்காளிதான் நினைவுக்கு வந்தார். பிரித்தானிய நாடாளுமன்றம் 2002-இல் இயற்றிய காவல்துறைச் சீர்திருத்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு அது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஒருவர் கவனமில்லாமலோ, பிறரைப் பற்றிக் கவலைப்படாமலோ வண்டி ஓட்டுகிறார். அல்லது புல்வெளி போன்ற சாலையல்லாத இடத்தில் அனுமதியின்றி ஓட்டுகிறார். அதனால் பொதுமக்களுக்கு அச்சமோ மனவேதனையோ எரிச்சலோ உண்டானால், ஏன், உண்டாகக்கூடும் என்றாலே போதும், சீருடைக் காவலர் வண்டியைக் கைப்பற்றலாம். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. காவலர் அப்படி நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் போதும். வண்டியைத் தேடி வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆனால் வீட்டைச் சேர்ந்த வண்டிக் கொட்டகைக்குள் நுழையலாம். இழுத்துப்போன செலவையும் நிறுத்திவைத்த நாட்களுக்கான கட்டணத்தையும் கட்டினால்தான் வண்டி திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவு அதிகாரத்துக்கும் ஒரே ஒரு கடிவாளம் இருந்தது. முதல் தடவை எச்சரிக்க வேண்டும். எச்சரிக்க வழியில்லாத சூழல் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, 12 மாதத்துக்குள் மறுபடியும் அப்படி ஓட்டினால்தான் பறிமுதல்.

இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. 1991-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிளாக்பேர்ட் லீஸ் குடியிருப்பில் இளைஞர்கள் திருட்டுக் கார்களை இரவில் சுழற்றிச் சாகசம் காட்டினார்கள். கூட்டம் கூடிப் பார்த்தது. பக்கத்திலேயே கவுலி கார் ஆலை. அதே செப்டம்பரில் வடகிழக்கு இங்கிலாந்தின் மெடோ வெல்லில், திருட்டுக் காரில் காவல்துறையிடமிருந்து தப்பி ஓடிய இரு இளைஞர்கள் இறந்தார்கள். குடியிருப்பே பற்றி எரிந்தது. 1992-இல் வாகனத்தைத் திருடி ஆபத்தாக ஓட்டுவோருக்குத் தண்டனையைக் கூட்டித் தனிச் சட்டம் வந்தது. ஆனால் சொந்த பைக்கிலேயே தொல்லை கொடுப்பவனை அந்தச் சட்டம் தொடவில்லை. அங்கேதான் 59-ஆம் பிரிவு நுழைந்தது.

இதை முழுக்க ஒடுக்குமுறை என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. புல்வெளியில் பைக் பறப்பதால் பிள்ளைகளை விளையாட அனுப்ப முடியாமல் தவிப்பவர்களில் அரசுக் குடியிருப்புகளின் ஏழைத் தாய்மார்களும் உண்டு. சாதித் தலைவர்களின் விழா நாட்களில் கொடி கட்டிய வண்டிகள் சேரி முனையில் நின்று ஹாரன் அடித்து உறுமும்போது, காவல்துறை வேடிக்கை பார்த்ததை நம் மக்களும் அனுபவித்தவர்கள்தானே. அந்த வண்டிகளைப் பிடிக்க ஒரு சட்டம் வேண்டும் என்று நாமும் கேட்போம்.

சிக்கல், எந்த வண்டி பிடிபடும் என்பதில் இருக்கிறது. 1824-ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தை வைத்துக்கொண்டு, வெறும் சந்தேகத்தின் பேரில் கறுப்பின இளைஞர்களைப் பிடித்துவந்தது பிரித்தானியக் காவல்துறை. 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் சில நாட்களுக்குள் ஏறத்தாழ 1,000 பேரை நிறுத்திச் சோதித்தார்கள், கலவரம் வெடித்தது. அதே ஆண்டு ஜூலையில் லிவர்பூலின் டாக்ஸ்டெத். அங்கே தொடக்கமே ஒரு மோட்டார் சைக்கிள்தான்: அதில் வந்த கறுப்பின இளைஞரைக் காவலர்கள் பிடிக்க முயன்றபோது கூடிய கூட்டத்திலிருந்து மோதல் பரவியது. 1999-இல் மாக்ஃபெர்சன் அறிக்கை லண்டன் காவல்துறையில் நிறுவனமயமான இனவெறி இருப்பதாகச் சொன்னது. மூன்றே ஆண்டுகளில், எது எரிச்சல் என்று முடிவெடுக்கும் வேலையைச் சாலையில் நிற்கும் காவலரின் கையில் கொடுத்தார்கள்.

2023 மே மாதம் கார்டிஃபின் ஈலியில் மின்-பைக்கில் போன 15, 16 வயதுச் சிறுவர்கள் இருவர் இறந்தார்கள். துரத்தல் எதுவும் நடக்கவில்லை என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் வெளிவந்த கேமராப் பதிவில் காவல்துறை வேன் அவர்கள் பின்னால் போவது தெரிந்தது. அன்றிரவு ஈலி எரிந்தது.

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்த குற்றம் மற்றும் காவல்துறை மசோதா, 59-ஆம் பிரிவின் முன்னெச்சரிக்கையை நீக்குகிறது. எச்சரிக்கை இருந்தவரை, பிடிபட்ட பையனுக்கு ஒரு தடவையாவது "சரி சார்" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியிலேயே வீடு திரும்ப முடிந்தது.