மறுத்த பெண்களும் சோதனைகளின் வரலாறும்

மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் முயற்சிகளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. மேமோகிராமில் தொடங்கி மரபணுச் சோதனை வரை அது நீள்கிறது. அக்கருவிகளின் முன் வந்து நின்ற பெண்களும், வராதிருந்த பெண்களும், வந்தும் பாதியில் திரும்பிய பெண்களும் ஆய்வறிக்கைகளின் அட்டவணைகளில் வெறும் எண்களாக ஒதுங்கியிருக்கிறார்கள். அவற்றுள் சில எண்களை நின்று வாசிப்பதே இப்பதிவின் நோக்கம்.

அதற்கு இப்போது ஒரு தேவையும் உண்டு. ‘ஒவ்வொருவருக்கும் ஏற்ற பரிசோதனை’ என்ற கருத்து உலகெங்கும் வலுப்பெற்று வருகிறது. வயது, குடும்பத்தில் நோய் இருந்த வரலாறு, மார்பகத் திசுவின் அடர்த்தி, மரபணு ஆகியவற்றைக் கணக்கிட்டு, எந்தப் பெண்ணுக்கு எப்போது எந்தச் சோதனை என்று முடிவு செய்வதே அதன் சாரம். நல்ல கருத்துதான். ஆனால் அந்தக் கணக்கில் பெண்ணின் விருப்பத்துக்கு என்ன இடம் என்ற கேள்விக்கு வரலாறு ஏற்கெனவே சில விடைகளைத் தந்திருக்கிறது.

முதல் பெரிய சோதனை 1963-இல் நியூயார்க்கில் தொடங்கியது. ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பினராக இருந்த, 40 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 62,000 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் மேமோகிராமுக்கும் மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கும் அழைக்கப்பட்டனர். பத்தாண்டுகளுக்குப் பின் அக்குழுவில் மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தன. இந்த எண்ணை உலகம் பற்றிக்கொண்டது. அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பரிசோதனைக்கு வரவேயில்லை என்பதைப் பலரும் மறந்துவிட்டனர்.

முப்பதாண்டுகளுக்குப் பின் பிலிப்பைன்ஸின் மணிலாவில் நடந்த ஆய்வு இன்னும் ஆழமான பாடத்தைத் தந்தது. மேமோகிராம் வசதி இல்லாத நாடுகளுக்குக் கைப்பரிசோதனை பயன்படுமா என்று அறிய, 1995-இல் அது தொடங்கப்பட்டது. 1,51,168 பெண்களைச் சந்தித்து அழைத்தார்கள்; 1,38,392 பேர் உடன்பட்டார்கள். அவர்களில் 3,479 பேருக்குக் கட்டி இருப்பதாக ஐயம் எழுந்தது. மேற்பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அதை முடித்தவர்கள் 35 விழுக்காட்டினர் மட்டுமே. வீடு தேடிச் சென்று கேட்டபோதும் 42 விழுக்காட்டினர் வெளிப்படையாக மறுத்துவிட்டனர். ஒரே சுற்றோடு பரிசோதனைப் பணி நிறுத்தப்பட்டது.

அவர்கள் அறியாமையால் மறுத்தார்கள் என்று கடந்துபோவது எளிது. ஆனால் முதல் அழைப்புக்குப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடன்பட்டவர்கள் இதே ஊர்ப் பெண்கள்தாம். தங்கள் உடலைப் பரிசோதிக்க அனுமதித்தவர்கள், பரிசோதனைக்குப் பின் வரப்போவதைக் கண்டே தயங்கினார்கள். மருத்துவச் செலவு, இழக்கும் நாட்கூலி, அறுவைச் சிகிச்சை, வீட்டாரின் முகம் ஆகியவற்றைத் தனக்குள் எடைபோடும் பெண்ணின் தயக்கத்தை அறியாமை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது.

இந்தியாவில் இக்கேள்வியை இரண்டு பெரிய ஆய்வுகள் எதிர்கொண்டன. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006-இல் தொடங்கிய ஆய்வில் 50,366 பெண்கள் கைப்பரிசோதனை செய்துகொண்டார்கள். 2,880 பேருக்கு ஐயம் எழுந்தது. அவர்களில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 30 பேர். அதாவது, ஐயத்துக்குள்ளான ஏறத்தாழ 96 பெண்களில் ஒருவருக்கே நோய். எஞ்சியவர்கள் அந்த அச்சத்தைச் சிறிது காலமேனும் சுமந்திருப்பார்கள். அனைவரையும் ஒரே வலையில் வீசிப் பிடிப்பதற்கு இப்படி ஒரு விலை உண்டு. ஒவ்வொருவருக்கும் ஏற்ற பரிசோதனை வேண்டும் என்ற வாதத்தின் வலுவும் இங்கேதான் இருக்கிறது.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வு, 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை உள்ளடக்கியது. ஒரு பாதியினருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள் கைப்பரிசோதனை செய்தார்கள். முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட நோய் 47 விழுக்காட்டிலிருந்து 37-ஆகக் குறைந்திருந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. 50-க்குக் கீழ்ப்பட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. மரபணு ஆய்வகம் ஏதுமின்றி, வயது என்ற ஒரே அளவுகோலைக் கொண்டே யாருக்குப் பயன் மிகுதி என்று பிரித்தறிய முடிந்தது. விலையுயர்ந்த சோதனைகளோடு மட்டுமே இக்கருத்தை இணைத்துப் பேசுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மரபணுவின் கதை வேறு தடத்தில் வந்தது. மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் மரபாகத் தொடர்வதற்குக் காரணமான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990-இல் மேரி-கிளேர் கிங் நிறுவினார். பிஆர்சிஏ1 என்ற அம்மரபணு 1994-இல் பிரித்தறியப்பட்டது. 2013 மே மாதம் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தமக்கு அம்மரபணுவில் மாற்றம் இருப்பதையும், முன்தடுப்பாக இரு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதையும் எழுதியபோது உலகெங்கும் அது பேசுபொருளாயிற்று. அடுத்த மாதமே, இயற்கையில் உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை கோர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியப் பெண்ணுக்கு இச்சோதனையின் முடிவு அவளோடு நின்றுவிடுவதில்லை. தாய்க்கு அந்த மரபணு மாற்றம் இருந்தால், மகளுக்கும் அது இருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு. பெண் பார்க்கும் படலத்தில் குடும்பத்தின் நோய்களையும் விசாரிக்கும் சமூகத்தில், ஒரு தாள் மூன்று தலைமுறைக்கான சான்றிதழாகிவிடும். அமெரிக்கா 2008-இல் மரபணுப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. இந்நிலையில் “எனக்குத் தெரிய வேண்டாம்” என்று ஒரு தாய் சொன்னால், அதுவும் ஆராய்ந்து எடுத்த முடிவாக இருக்கலாம்.

அந்தச் சொல்லை நான் கொண்டாடவில்லை. தாமதத்தால் போகும் உயிர்களும் இதே வரலாற்றில் உண்டு. 2016-இல் வெளியிடப்பட்ட தேசிய வழிகாட்டி, 30 முதல் 65 வயது வரையிலான எல்லாப் பெண்களுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை என்கிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 விழுக்காட்டினர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மணிலாவில் அழைத்தபோது பெண்கள் வந்தார்கள். இங்கே பெரும்பாலோரை அந்த ஆய்வின் காலம் வரை எவரும் அழைத்திருக்கவேயில்லை.

ஆகவே இனி வகுக்கப்படும் திட்டம் எதுவாயினும், பெண்ணின் மரபணுவைக் கேட்பதற்கு முன் அவளிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். எதை அறிந்துகொள்ள விரும்புகிறாய்? அறிந்தபின் உன்னோடு யார் வருவார்கள்? சிகிச்சைக்கு எங்கே போவாய், யார் செலவு செய்வார்கள்? இவற்றுக்கு விடையில்லாமல் அவள் கையில் ஓர் இடர் விழுக்காட்டை மட்டும் கொடுத்தனுப்பினால், மணிலாவின் அந்த 42 விழுக்காடு நம் அட்டவணைகளிலும் வந்து அமரும்.

உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் இவ்விசயம் எப்படிப் பேசப்படுகிறது, அல்லது பேசப்படாமல் போகிறது என்பதை அறிய விரும்புகிறேன்.